லேப்டாப்பில் ஏஐ சிப் அவசியமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். "இனிமேல் எல்லாம் ஏஐ லேப்டாப்தான் சார், சாதா மாடல் வாங்கினால் ரெண்டே வருஷத்தில் தூக்கிப் போடணும்" என்கிறார் கடைக்காரர். 20,000 ரூபாய் கூடுதலாகிறது. வாங்கலாமா? (ஒரு தந்தை, திருநெல்வேலி)

பதில்: அந்த 20,000 ரூபாயில் முதல் பங்கு ராமுக்கு, அதாவது லேப்டாப்பின் மெமரிக்குப் போகட்டும். 8 ஜிபி மாடலை விட்டு 16 ஜிபிக்கு வந்த பிறகுதான் ஏஐ சிப் பற்றிய பேச்சே.

ஏஐ சிப் என்று கடையில் சொல்வது என்பியு (நியூரல் பிராசஸிங் யூனிட்). இது தனியாகப் பொருத்தும் சாமான் அல்ல, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. ஏஐ மாடல்களுக்கு வேண்டிய பெருக்கல், கூட்டல் கணக்குகளைக் குறைந்த மின்சாரத்தில் போட்டு முடிப்பதுதான் இதன் வேலை. அதன் திறனை டாப்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு டாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்.

மகள் படிக்கப்போகும் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் எதுவும் இந்தப் பகுதியைத் தொடாது. மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, திரையிலேயே போன் போல ஓடும் எமுலேட்டரையும் ஓடவிட்டால் திணறுவது ராம்தான். மூன்றாம், நான்காம் ஆண்டில் மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட் வரும்போதும் மாடலைப் பயிற்றுவிக்க என்விடியா கிராபிக்ஸ் கார்டோ, இணையம் வழியே கூகுளின் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் கூகுள் கொலாபோதான் கைகொடுக்கும்.

ஆனாலும் நல்ல விலையில் கிடைத்தால் என்பியு உள்ள லேப்டாப்பை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. புதிய தலைமுறைச் சிப் என்பதால் பேட்டரி அதிக நேரம் நிற்கும் மாடல்கள் இதில் உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விண்டோஸின் ஏஐ வசதிகள் முழுமையாக வேலை செய்ய, மைக்ரோசாப்ட் 2024 மே மாதம் அறிவித்த 'காப்பிலட் ப்ளஸ் பிசி' தகுதி வேண்டும். என்பியு மட்டுமே 40 டாப்ஸ், ராம் 16 ஜிபி, ஸ்டோரேஜ் 256 ஜிபி, இதுதான் குறைந்தபட்சம். விளம்பரத்தில் '99 டாப்ஸ்' என்று போட்டிருப்பது பிராசஸர், கிராபிக்ஸ், என்பியு மூன்றையும் கூட்டிய கணக்காக இருக்கும்.

பெயர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி, கோர் அல்ட்ரா 7 255எச். ஒரே குடும்பம் போலத் தெரியும். முதலாவதில் என்பியு 47 டாப்ஸ், இரண்டாவதில் வெறும் 13. இன்டெலின் 200 வரிசையில் காப்பிலட் ப்ளஸ் தகுதி வேண்டுமென்றால் கடைசி எழுத்து 'வி' என்று இருக்க வேண்டும். 'அல்ட்ரா' என்ற சொல்லே இல்லாத கோர் 7 150யு போன்றவற்றில் என்பியு கிடையாது. ஏஎம்டியில் ரைசன் ஏஐ 7 350, ஏஐ 9 365 ஆகியவற்றில் 50 டாப்ஸ். ரைசன் 7 8845எச்எஸ்ஸில் 16தான்.

இன்னொன்று. இந்த 'வி' சிப்களில் ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிற்பாடு கூட்டவே முடியாது. 256வி என்றால் 16 ஜிபி, 258வி என்றால் 32 ஜிபி, அவ்வளவுதான். வேறு மாடலாக இருந்தால் கூடுதல் ராம் ஸ்லாட் இருக்கிறதா, எல்லாம் போர்டிலேயே சால்டர் செய்ததா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் என்பியு இல்லை. சாட்ஜிபிடி, ஜெமினி பயன்படுத்த முடியாதா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாக முடியும். அவை ஓடுவது அந்தந்த நிறுவனத்தின் சர்வரில். உங்கள் லேப்டாப் செய்வது கேள்வியை அனுப்பி விடையைத் திரையில் காட்டுவது மட்டுமே. விண்டோஸ் 11க்கும் என்பியு கட்டாயமில்லை.

கேள்வி: தினமும் ஐந்தாறு மணி நேரம் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். லேப்டாப் கொதிக்கிறது, ஃபேன் சத்தம் மாணவர்களுக்கே கேட்கிறது. ஏஐ லேப்டாப் உதவுமா? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: உதவும். என்பியுவுக்குக் கொடுத்த பணம் வீணாகாத இடம் என்றால் எங்கள் பார்வையில் இதுதான் முதலில் வரும். பின்னணியை மங்கலாக்குவது நொடிக்கு நொடி நடக்கும் வேலை. மீட்டிங் ஆப் அதைச் செய்யும்போது பிராசஸரும் கிராபிக்ஸும் ஓயாமல் உழைக்கின்றன. சூடும் ஃபேன் சத்தமும் கூடுவதற்கு அது ஒரு காரணம். விண்டோஸின் 'ஸ்டுடியோ எஃபெக்ட்ஸ்' அதே வேலையை என்பியுவிடம் தள்ளிவிடுகிறது. இதற்கு 40 டாப்ஸ்கூட வேண்டாம், 11 டாப்ஸ் உள்ள முதல் தலைமுறை கோர் அல்ட்ராவிலும் அடிப்படை வசதிகள் வேலை செய்யும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் என்பியு என்று ஒரு வரைபடம் இருக்கும், கோடு தரையோடு கிடக்கும். இப்போது கேமரா ஆப்பைத் திறந்து, விண்டோஸ் கீயோடு 'ஏ' அழுத்தி, ஸ்டுடியோ எஃபெக்ட்ஸில் பின்னணி மங்கலைப் போடுங்கள். கோடு எழும்பினால் வேலை என்பியுவுக்குப் போகிறது என்று பொருள். எழும்பாவிட்டால் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) இல்லை, அல்லது அந்தக் கேமராவுக்குத் தயாரிப்பாளர் இந்த வசதியைத் தரவில்லை.

இந்த வசதி லேப்டாப்போடு வரும் கேமராவை நம்பியே இருக்கிறது. யுஎஸ்பி வெப்கேமில் எல்லா மெஷினிலும் கிடைக்காது. ஜூம் அல்லது மீட்டில் இருக்கும் பின்னணி மங்கலை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஓடி, பழைய சூடே திரும்ப வரும். புதிது வாங்குவதற்கு முன் ஒரு நாள் மங்கலே இல்லாமல், சாதாரணச் சுவரைப் பின்னால் வைத்து வகுப்பு எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஃபேன் இரைந்தால் கோளாறு தூசியிலோ காய்ந்துபோன தெர்மல் பேஸ்டிலோ இருக்கலாம். அதற்குச் சர்வீஸ் போதும்.

கேள்வி: வரி ஆலோசகராக இருக்கிறேன். ஸ்னாப்டிராகன் ஏஐ லேப்டாப்பில் பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பேட்டரி பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது ஆர்ம் வகைப் பிராசஸர், இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட வடிவமைப்பு. இன்டெலுக்காக எழுதிய சாதாரண மென்பொருளை விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் தொழிலே டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை நம்பியிருக்கிறது. டோக்கன், பிரின்டர், ஸ்கேனர், கைரேகை ரீடர், விபிஎன் ஒவ்வொன்றுக்கும் 'ஆர்ம்64' டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். டோக்கனைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய்ச் செருகி, கையொப்பம் விழுகிறதா என்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் சந்தேகம் வந்தாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி எடுங்கள்.

கேள்வி: இணையம் இல்லாமல் வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டித் தமிழில் எழுத வைக்க ஆசை. 50 டாப்ஸ் போதுமா? (ஒரு வாசகர், கொழும்பு)

பதில்: இங்கே பார்க்க வேண்டியது டாப்ஸ் அல்ல, மெமரியின் அளவும் வேகமும். 800 கோடி பாராமீட்டர் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) உள்ள மாடலில் ஒவ்வோர் எண்ணையும் 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி வரும். மாடல் விடையைச் சொல்லின் துண்டுகளாக எழுதும், இங்கே டோக்கன் என்பது அந்தத் துண்டு. ஒவ்வொரு டோக்கனையும் எழுத அந்த 5 ஜிபி முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். டிடிஆர்5 5600 ராம் இரண்டு குச்சியாகப் போட்டால் நொடிக்குச் சுமார் 90 ஜிபி படிக்கும். 90ஐ 5ஆல் வகுத்தால் நொடிக்கு 18 டோக்கன், அதுவே உச்சவரம்பு. ஒரே குச்சி என்றால் பாதிதான். அதைவிட வேகமான எல்பிடிடிஆர்5எக்ஸ் 8533 ராம் என்றால் 27 வரை போகலாம். 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு நொடிக்கு 256 ஜிபி படிக்கும், ஆக 50 வரை.

தமிழுக்கு இதில் ஒரு பாதகம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு டோக்கன்தான். 'போய்க்கொண்டிருந்தார்கள்' போன்ற சொல்லைப் பல மாடல்கள் துண்டு துண்டாக நறுக்கிவிடும். அதே 18 டோக்கன் தமிழில் மிக மெதுவாகத் தெரியும். தவிர, மாடலை வீட்டு மெஷினிலேயே ஓட்ட உதவும் ஒல்லாமா போன்ற கருவிகள் பிராசஸரையும் கிராபிக்ஸையும்தான் பயன்படுத்துகின்றன. என்பியு சும்மா கிடக்கும். உங்கள் தேவைக்கு 32 ஜிபி ராம், முடிந்தால் 8 ஜிபி என்விடியா கார்டு. ஆனால் வாங்குவதற்கு முன் அதே மாடலை இணையத்தில் ஓட்டிப் பார்த்து, அது எழுதும் தமிழ் உங்களுக்குத் திருப்தியா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திரையில் செய்வதையெல்லாம் படம் பிடித்து வைக்கும் 'ரீகால்' பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, சென்னை)

பதில்: காப்பிலட் ப்ளஸ் மெஷின்களில் மட்டும் உள்ள வசதி அது. நீங்கள் சம்மதித்தால்தான் ஓடும். படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு உங்கள் மெஷினிலேயே இருக்கும், பார்க்க விண்டோஸ் ஹலோவில் முகமோ விரலோ காட்ட வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் 25 ஜிபி வரை இதற்கே ஒதுக்கிவிடும். வங்கி, மருத்துவ ரிப்போர்ட், அலுவலக ஆவணம் எல்லாம் ஒரே லேப்டாப்பில் பார்ப்பவர் இதைப் போடாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி'க்குள் 'ரீகால் அண்டு ஸ்னாப்ஷாட்ஸ்' போய், சேமிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அறவே வேண்டாம் என்றால் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் ரீகாலின் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.