அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்றால் எனக்கும் வருமா? நாட்டுக்கு நாடு இந்த நோய் ஏன் கூடியும் குறைந்தும் இருக்கிறது?

அப்பாவுக்கு 52 வயதில் வந்தது என்கிறீர்கள். ஜப்பானியருக்கு இது குறைவு என்று படித்ததாகவும், அப்படியானால் எல்லாம் பரம்பரைதானே என்றும் கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நாட்டுக்கு நாடு தெரியும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் சூழலே காரணம்: சாப்பாடு, உடல் எடை, புகை, மது, உடலுழைப்பு. ஒரே ஊரில் ஒரு குடும்பத்தில் மட்டும் மூன்று பேருக்கு வந்தால், அங்கே மரபணுவைத் தேட வேண்டும்.

ஜப்பானியருக்குக் குறைவு என்பது பழைய நிலவரம். போன நூற்றாண்டின் நடுவில் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம், பெருங்குடல் புற்றுநோய் குறைவு. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானியரை ஹென்செல், குரிஹாரா என்ற இருவரும் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார்கள். இரைப்பைப் புற்றுநோய் மெதுவாகத்தான் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோயோ குடியேறிய தலைமுறையிலேயே அங்குள்ள வெள்ளையரின் அளவை நெருங்கிவிட்டது. பிறகு ஜப்பானிலேயே சாப்பாடு மாறியது. இன்று அதிக பாதிப்புள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணு மாறாது.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. பிட்ஸ்பர்க் பகுதி ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். 2 வாரத்துக்கு இவர் சாப்பாடு அவருக்கு, அவர் சாப்பாடு இவருக்கு. அமெரிக்கரின் நார்ச்சத்து நாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது, கொழுப்பிலிருந்து கிடைக்கும் கலோரி 35 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. கிராமத்தவருக்கு நேர் எதிர்: நார்ச்சத்து 66 கிராமிலிருந்து 12. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அது அமெரிக்கரிடம் இரண்டரை மடங்கானது, கிராமத்தவரிடம் பாதியானது. கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்த அமிலங்களைப் பாக்டீரியாக்கள் மாற்றி உண்டாக்கும் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள், குடல் சவ்வைப் புண்படுத்துபவை, அமெரிக்கரிடம் 70 சதவீதம் குறைந்தன. சவ்வின் அழற்சியும் செல் பெருக்கமும் அதற்கேற்ப மாறின. புற்றுநோய் வந்ததா என்று இதில் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது; பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைமுளை) புற்றாக மாறப் பொதுவாக 10 வருடமாவது ஆகும்.

அந்த 55 கிராம் சின்ன அளவு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. இட்லியை ராகி இட்லியாக்கினால் ஆபத்து போய்விடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சுண்டல், பயறு, கீரை, காய் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு ஏறும். ஒரே வாரத்தில் ஏற்றினால் வயிறு உப்பும், மெதுவாகக் கூட்டுங்கள்.

இந்தியாவில் இந்த நோய் விகிதம் இன்னும் குறைவுதான். 'இங்கே இளம் வயதினருக்குத்தான் வருகிறது' என்ற பேச்சைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையிலேயே இளையவர்கள் அதிகம் என்பதால் நோயாளிகளிலும் அவர்கள் பங்கு கூடுதலாகத் தெரியும். அதேசமயம் பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே பாதிப்பு உண்மையாகவே கூடுகிறது. அமெரிக்காவில் 2021இல், அறிகுறி இல்லாதவர்களுக்கும் இந்த நோய்க்கான பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆக்கியது இதனால்தான்.

இனி உங்கள் வீட்டு விஷயம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. அதிலும் எல்லாம் மரபணு இல்லை, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள்தானே. ஒற்றை மரபணுவால் வருவதில் முதன்மையானது லிஞ்ச் சிண்ட்ரோம். மொத்த நோயாளிகளில் சுமார் 3 சதவீதம். டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2 மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருக்கும். பிள்ளைக்குக் கடத்த 50 சதவீத வாய்ப்பு. ரத்தசம்பந்தமுள்ள மூவர், அடுத்தடுத்த இரு தலைமுறை, ஒருவராவது 50க்குக் கீழே என்பது பழைய அடையாள விதி. சின்னக் குடும்பங்களில் இந்த விதி தவறவிடும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் ரத்தப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். அப்பாவின் கட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சையிலோ பயாப்ஸியிலோ எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக (பிளாக்) நோய்க்குறியியல் துறையில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதில் 'எம்எம்ஆர் ஐஹெச்சி' செய்யச் சொல்லிக் கேளுங்கள்; மேலே சொன்ன நான்கு மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்க்கும் சோதனை அது. நான்கு புரதங்களும் இருந்தால் லிஞ்ச் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லையென்றால் அவசரப்படாமல் அதே கட்டியில் பிஆர்ஏஎஃப் (அந்தப் பெயருள்ள மரபணுவில் மாற்றம் உண்டா) அல்லது மெத்திலேஷன் (எம்எல்ஹெச்1 மரபணு வேதிக் குறியால் அணைந்திருக்கிறதா) சோதனையும் பார்க்க வேண்டும்; அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. எம்எஸ்ஹெச்2 இல்லையென்றால் அப்பாவின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் மாற்றம் கிடைத்தால் உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். அப்பாவை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அதற்கு அர்த்தமே இல்லை. 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தாலும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர் மிகுதி என்பதால் நம்மவர்களுக்கு இந்த வரி அடிக்கடி வருகிறது.

லிஞ்ச் உறுதியானால், எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 வகைக்கு 20-25 வயதிலிருந்தே 1-2 வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம். லிஞ்ச் இல்லையென்றாலும் அப்பாவுக்கு 60க்கு முன்பே வந்ததால் நீங்கள் 40 வயதில் தொடங்கி 5 வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பதோடு சரி இல்லை, பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பலன்.

இடையில் மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்காதீர்கள். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோயும் இருக்கலாம். மருத்துவர் விரலால் மலக்குடலைப் பரிசோதிக்காமல் அனுப்பினால், பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.