ஹானர் சொசைட்டி கடிதம் வந்திருக்கிறது, அடுத்து என்ன?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கௌரவச் சங்கமான நேஷனல் ஹானர் சொசைட்டி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.8. "நீ தகுதி பெற்றிருக்கிறாய், படிவத்தை நிரப்பிக் கொடு" என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
(ஒரு தாய், டெக்சாஸ்)

ப: இன்னும் இல்லை. நீங்கள் முதல் வாசலைத்தான் தாண்டியிருக்கிறீர்கள். பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921-ல் தொடங்கிய இந்த அமைப்பு படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை என்று நான்கைப் பார்க்கிறது. உங்களுக்கு வந்த கடிதம் படிப்பு ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தேசிய விதி கேட்கும் குறைந்தபட்சம் 4-க்கு 3.0, அல்லது 100-க்கு 85. அதைவிடக் கூட்டி வைக்கவும், வெயிட்டடா (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு தரும் கணக்கு) அன்வெயிட்டடா என்று தீர்மானிக்கவும் பள்ளிக்கு உரிமை உண்டு.

மீதி மூன்றையும் எடைபோடுவது, முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு. முதல்வர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார். பொறுப்பாசிரியரான அட்வைசர் கூட்டத்தில் இருப்பார், ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. ஐந்தில் மூன்று பேர் சம்மதித்தால் இடம் உண்டு. அந்த மூன்று பேரில் உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்காதவர்களும் இருக்கலாம். அவர்கள் கையில் இருக்கப்போவது அந்தப் படிவம் மட்டும்தான், அதனால் அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் சேவைப் பகுதியில். "தமிழ்ப் பள்ளியில் உதவினேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "செப்டம்பர் முதல் மே வரை 26 சனிக்கிழமைகள், தலா 2 மணி நேரம், மொத்தம் 52 மணி. இரண்டாம் நிலை வகுப்பில் 14 பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துகளை வாசிக்கப் பழக்கினேன்." நாள், மணிக்கணக்கு, செய்த வேலை, பயன்பெற்றவர்கள் என எல்லாம் அதில் வந்துவிடுகிறது.

தலைமை என்றால் கிளப் தலைவர் பதவி என்று நினைத்து அந்தப் பகுதியைக் காலியாக விடுகிறவர்கள் நிறைய. தேவையே இல்லை. அறிவியல் குழுவில் வேலையைப் பிரித்துக் கொடுத்தது, பகுதிநேர வேலையில் புதிதாக வந்தவருக்குப் பழக்கிக் கொடுத்தது எல்லாமே தலைமைதான்.

கடைசி நாளில் ஆளைத் தேடி ஓடும் நிலை வராதிருக்க, சேவை நேரத்தை உறுதிசெய்யும் மேற்பார்வையாளரின் கையெழுத்தை வேலை முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள். கோடையில் மேற்பார்த்தவர் வேலை மாறிப் போயிருந்தால் அந்த நேரத்துக்குச் சாட்சி இருக்காது.

கே: தமிழ்ப் பள்ளியில் என் மனைவிதான் ஆசிரியை. மகன் அவருடைய வகுப்பில் உதவுகிறான். அந்த மணிகள் கணக்கில் வருமா?
(நியூஜெர்சி)

ப: தமிழ்ப் பள்ளி வேலை பொதுவாக ஏற்கப்படும் சேவைதான். ஆனால் அம்மாவின் கையெழுத்தைப் பல பள்ளிகள் ஏற்காது. பள்ளி ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திடட்டும். முடிந்தால் மகனை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுங்கள். கோயில் வேலையென்றால் அன்னதானம், உணவு வங்கிக்குப் பொருள் சேர்ப்பது போல ஊருக்குப் பயன்படும் பணியைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வழிபாட்டில் கலந்துகொண்ட நேரத்தைச் சேவை என்று பல அட்வைசர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எதைச் செய்வதற்கு முன்பும் அட்வைசருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கே: வெயிட்டட் ஜிபிஏ 4.2 இருந்தும் என் மகனை எடுக்கவில்லை. காரணமும் சொல்ல மறுக்கிறார்கள். மேல்முறையீடு செய்ய முடியுமா?
(இல்லினாய்)

ப: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் எடுக்காததற்குக் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அமைப்பின் விதி பள்ளியைக் கட்டாயப்படுத்தவில்லை. தேசிய அலுவலகமும் தனி மாணவர்களின் முறையீட்டை விசாரிக்காது. முதல்வரிடம் கேட்கக்கூடியது நடைமுறைப் பிழை நேர்ந்ததா என்பதைத்தான்: மதிப்பெண் தகுதிப் பட்டியலில் பெயர் விடுபட்டதா, ஜிபிஏ தவறாகக் கணக்கிடப்பட்டதா, கொடுத்த படிவம் குழுவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? "அவனை எடுத்தீர்கள், இவனை ஏன் எடுக்கவில்லை?" என்று இன்னொரு பிள்ளையை ஒப்பிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அட்வைசரிடம் மகனே நேரில் போய், "அடுத்த முறைக்கு எந்தப் பகுதியைப் பலப்படுத்த வேண்டும்?" என்று கேட்கட்டும். பதினோராம் வகுப்பு முடியவில்லையென்றால் மறுபடி வாய்ப்பு வரும்.

சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று. விலக்கப்பட்டாலும் சரி, தானாகவே ராஜினாமா செய்தாலும் சரி, அந்த மாணவர் திரும்பச் சேர முடியாது. கோபத்தில் விலகல் கடிதம் கொடுக்க விடாதீர்கள். விலக்குவதற்கு முன் எழுத்தில் அறிவிப்பும் விசாரணையும் உண்டு, முடிவை எதிர்த்து முதல்வரிடம் முறையிடவும் வழியுண்டு.

கே: வீட்டுக்குத் தபாலில் வேறொரு கௌரவச் சங்கத்தின் அழைப்பு வந்திருக்கிறது. பணம் கட்டச் சொல்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றா?
(வட கரோலினா)

ப: பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. நேஷனல் ஹானர் சொசைட்டியில் பள்ளிச் சாப்டர், அதாவது பள்ளியில் இயங்கும் கிளை, வழியாக மட்டுமே சேர முடியும். அந்தச் சாப்டர் உறுப்பினரிடம் வாங்கும் ஆண்டுச் சந்தா 20 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாணவரே நேரடியாகக் கட்டணம் கட்டிச் சேரும் அமைப்புகள் வேறு. அவற்றில் சில உதவித்தொகையும் தருகின்றன, ஆனால் அங்கே ஆசிரியர் குழுவின் தேர்வு கிடையாது. கடிதத்தைப் பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரான கவுன்சிலரிடம் காட்டி, "இது நம் பள்ளிச் சாப்டரா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கே: கலிஃபோர்னியாவில் எங்கள் பள்ளியில் சிஎஸ்எஃப் இருக்கிறது. அதன் கணக்கு எப்படி?

ப: கலிஃபோர்னியா ஸ்காலர்ஷிப் ஃபெடரேஷனில் குழுவும் கிடையாது, ஓட்டும் கிடையாது. எல்லாம் புள்ளிக் கணக்குதான். ஏ கிரேடுக்கு 3, பி-க்கு 1, ஏபி (கல்லூரித் தரப் பாடம்) அல்லது ஆனர்ஸ் (கூடுதல் கடினமான பாடம்) வகுப்பில் வாங்கிய பி-க்கு 2. அதிகபட்சம் ஐந்து பாடங்களிலிருந்து 10 புள்ளி சேர்க்க வேண்டும், அதில் முதல் 4 புள்ளிகள், சிஎஸ்எஃப் பாடப் பட்டியல்களில் முதலாவதில் உள்ள முக்கியப் பாடங்களிலிருந்து வர வேண்டும். மூன்று ஏ, ஒரு பி இருந்தால் சரியாக 10. எங்காவது ஒரு டி விழுந்தால் அந்த செமஸ்டர் போச்சு. உறுப்பினர் நிலை தானாக நீடிக்காது, ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

கே: இவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்தால் கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா?
(பலர் கேட்டது)

ப: உறுப்பினர் என்ற பெயர் மட்டும் இருந்தால் பலன் குறைவு. நல்ல மதிப்பெண் என்று அது சொல்வதை மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டே சொல்லிவிடுகிறது. போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் ஏராளமானோரிடம் இந்த ஒரு வரி இருக்கும். சாப்டரே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதனால் நஷ்டமும் இல்லை.

சாப்டருக்குள் ஒரு வேலையைப் பொறுப்பேற்று நடத்தியிருந்தால் நிலைமை மாறும். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் கௌரவங்களுக்கு 5 இடம், செயல்பாடுகளுக்கு 10 இடம். வெறும் உறுப்பினரென்றால் அதைக் கௌரவங்களில் போட்டால் போதும். அதைவிடப் பெரிய ஐந்து இருந்தால் விட்டுவிடவும் தயங்க வேண்டாம். மதிய இடைவேளையில் அல்ஜீப்ரா டியூஷன் திட்டத்தை நடத்திய பிள்ளையென்றால் அது செயல்பாடுகளில் வர வேண்டும். விவரிக்க 150 எழுத்துதான் இடம் என்பதால், எத்தனை மாணவர்கள், எத்தனை வாரங்கள் என்ற எண்களுக்கே முதலிடம் கொடுங்கள்.

காலமும் முக்கியம். பல கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள். பன்னிரண்டாம் வகுப்பு வசந்தத்தில் சேர்த்தால் அது பெரும்பாலான விண்ணப்பங்களில் ஏறாது. பதினோராம் வகுப்பிலேயே சேர்வதுதான் பயன். உறுப்பினரான பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கென்று தேசிய அமைப்பு தனி உதவித்தொகையும் வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதுமே அட்வைசரிடம் அதைப் பற்றி விசாரியுங்கள்.

கே: மகள் உறுப்பினர். வேலை மாற்றத்தால் வேறு மாநிலம் போகிறோம்.

ப: பழைய பள்ளியின் முதல்வர் அல்லது அட்வைசரிடம் உறுப்பினர் கடிதம் வாங்கிக் கொண்டுபோய்ப் புதிய அட்வைசரிடம் கொடுங்கள், அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். புதிய பள்ளியின் ஜிபிஏ வரம்பு கூடுதலாக இருந்தால் அதை எட்ட ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டு. விடுமுறையில் பள்ளி அலுவலகம் மூடிவிடும். கடிதத்தை மே மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள்.