எஜமானர் ஓட்டிய கப்பல்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் பற்றிய கட்டுரையில் ஓரிடத்தில் ‘கேப்டன் குக்’ என்கிறீர்கள், இரண்டு பத்தி தள்ளி ‘லெப்டினன்ட் குக்’. எது சரி? ராணுவத்தில் கேப்டன் மேஜருக்குக் கீழே, கடற்படையில் மட்டும் கர்னலுக்குச் சமமாமே? இதையெல்லாம் தமிழிலேயே எழுதினால் குழப்பமில்லையே. கேப்டனுக்கு ‘மீகாமன்’ என்ற அழகான சொல் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டும் சரி. 1768-ல் எண்டெவர் கப்பலில் கிளம்பியபோது குக்கின் பதவி லெப்டினன்ட்தான். பதவி எதுவானாலும் கப்பலை நடத்துகிறவரைக் கேப்டன் என்று கூப்பிடுவது கடல் வழக்கம். ஏட்டின்படி அவர் கேப்டன் ஆனது 1775-ல். ராணுவ ஒப்பீட்டை விடுங்கள். அந்தக் கேப்டனிடம் இருப்பது ஒரு கம்பெனி சிப்பாய்கள், இவரிடம் ஒரு போர்க்கப்பல், அவ்வளவுதான்.

ஆனால் மீகாமன் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். இளவயதில் ஒரு பத்திரிகைக்காகப் பழைய கடற்போர்க் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது கேப்டன் வந்த இடமெல்லாம் மீகாமன் என்று போட்டேன். ‘மாஸ்டர்’ என்று ஒருவர் வந்துகொண்டே இருந்தார், யாரென்று விளங்காமல் ‘எஜமானர்’ ஆக்கிவிட்டேன். எஜமானர் காற்றைப் பார்த்தார், எஜமானர் ஆழம் பார்க்கச் சொன்னார்! கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நாலு பக்கம் எழுதியிருந்தார், பாதி வசவு. உன் எஜமானர்தானடா மீகாமன் என்பது சாரம்.

உண்மைதான். மீகாமன் என்றால் கப்பலை ஓட்டுபவர், அங்கே கப்பலோட்டத் தெரிந்தவர் மாஸ்டர். பழைய காலத்தில் இங்கிலாந்து மன்னர் போருக்குக் கப்பலை எடுத்தால் சிப்பாய்களோடு ஏறி வந்தவர் கேப்டன், சண்டை மட்டுமே அவர் பாடு. நாளடைவில் ஏறி வந்தவர் கப்பலுக்கே தலைவரானார், ஓட்டியவர் ஒரு படி கீழே, வாரன்ட் அதிகாரியாக, தச்சரோடும் சாமான் கணக்குப் பார்க்கும் பர்சரோடும் சேர்ந்து நின்றார். சின்னப் போர்க்கப்பல்களில் இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழுந்ததால் அந்தப் பதவிக்கு ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ என்று பெயர். 1794-ல் பெயரைச் சுருக்கியபோது எதை வெட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மாஸ்டரைத்தான். 1867-ல் மிச்சமிருந்த மாஸ்டர்களையும் ‘நேவிகேட்டிங் லெப்டினன்ட்’ ஆக்கினார்கள். லெப்டினன்ட் என்றால் பிரெஞ்சில் இன்னொருவர் இடத்தில் நிற்பவர், பதிலாள். தொழில் தெரிந்த மனுஷனுக்குப் பதிலாள் என்று பேர் வைத்துவிட்டு அதைப் பதவி உயர்வு என்றால் எப்படி?

குக்கே மாஸ்டராக இருந்தவர்தான். 1759-ல் கனடாவின் குவிபெக் முற்றுகையில் பெம்ப்ரோக் கப்பலின் மாஸ்டர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றை அளந்தவர், பிறகு வருஷக்கணக்காக நியூஃபவுண்ட்லாந்து கரையை வரைந்தவர். லெப்டினன்ட் ஆகும்போது வயது 39. அவரைப் போய் உங்கள் கணக்கில் 1775-க்குப் பிறகுதான் மீகாமன் என்பீர்களா?

சரி, கேப்டனைக் கேப்டன் என்றே எழுதுங்கள். அட்மிரலே அரபியின் அமீரிலிருந்து வந்தவர்தான், அதை வைத்துக்கொண்டுதானே ஆங்கிலேயர்கள் காலம் தள்ளுகிறார்கள். மீகாமனை மாஸ்டருக்கு விட்டுவிடுங்கள், அவருக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

பெரியவருக்கு அப்போது நான் பதில் போடவில்லை. ரோஷம்.