கேட்டதும் சொன்னதும்: லிங்க், ஜங்ஷன், காணாமல் போகும் ஃபைல்கள்

கேள்வி: விண்டோஸ் 10-ல் யூசர்ஸ் ஃபோல்டரை, விண்டோஸோடு வரும் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பி மூலம் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன். பெர்மிஷன் தொல்லை வேண்டாம் என்று பேக்கப் மோடுக்கான /பி சேர்த்தேன். மொத்தமே 80 ஜிபிதான், ஆனால் 500 ஜிபி டிஸ்க் நிரம்பியும் முடியவில்லை. திறந்து பார்த்தால் அப்ளிகேஷன் டேட்டாவுக்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள்ளும் அதுவே. வைரஸா?
— ஈரோடு வாசகர்

பதில்: வைரஸ் இல்லை. எக்ஸ்பி காலத்து அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டரின் இடத்தை விஸ்டாவிலிருந்து ஆப்டேட்டா பிடித்துக்கொண்டது. பழைய முகவரியைத் தேடி வரும் புரோகிராம்களுக்காகப் பழைய பெயரிலேயே ஜங்ஷன்களை, அதாவது ஃபோல்டர் போலத் தெரிந்தாலும் வேறொரு ஃபோல்டருக்கு இட்டுச்செல்லும் லிங்க்குகளை, விட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்று ஆப்டேட்டா\லோக்கல் ஃபோல்டருக்குள் இருந்துகொண்டு, அதே லோக்கலையே காட்டுகிறது. உள்ளே நுழைகிற புரோகிராம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும், பிறகு செக்குமாடுதான்.

இதைத் தடுக்கத்தான் அந்த ஜங்ஷன்களின் மேல் 'எவரிஒன்' குழுவுக்கு உள்ளே பட்டியலிடும் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் சொடுக்கினால் 'ஆக்சஸ் டினைடு' வருவது அதனால்தான். நீங்கள் போட்ட /பி அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாது. ரோபோகாப்பியும் ஜங்ஷனை ஜங்ஷனாகப் பார்க்காமல், உள்ளே போய் ஒவ்வொரு சுற்றையும் நிஜ ஃபோல்டராக எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

கட்டளையில் /எக்ஸ்ஜே சேர்த்தால் ஜங்ஷன், அதைப் போலவே வேறிடத்தைக் காட்டும் சிம்பாலிக் லிங்க் எதற்குள்ளும் நுழையாது. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. புகைப்பட ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிட்டு சி-யில் ஜங்ஷன் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதையும் சேர்த்துத் தாண்டிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பேக்கப்பில் புகைப்படம் மட்டும் இருக்காது. முதலில் டிர் /ஏஎல் /எஸ் கொடுத்து என்னென்ன லிங்க் இருக்கின்றன என்று பாருங்கள். நீங்களே வைத்தவை இருந்தால் அவை காட்டும் நிஜ ஃபோல்டர்களைத் தனியாக பேக்கப் எடுங்கள்.

ஏற்கெனவே குவிந்துபோனதை எக்ஸ்ப்ளோரரில் அழிக்கப் போனால், பெயர் மிக நீளம் என்று மறுத்துவிடலாம். காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ரோபோகாப்பி இ:\காலி இ:\பேக்கப் /எம்ஐஆர் கொடுங்கள். இரண்டாவதாக வரும் ஃபோல்டர் முழுக்கத் துடைக்கப்படும், ஆகவே டிரைவ் எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

கேள்வி: சி டிரைவில் இடமில்லை. பெரிய ஃபோல்டர் ஒன்றை டி-க்கு மாற்றி லிங்க் வைக்க நினைக்கிறேன். லிங்க் உருவாக்கும் எம்கேலிங்க் கட்டளையில் /ஜே, /டி இரண்டில் எது? பிறகு வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஒரே கணினிக்குள் என்றால் ஜங்ஷன் தரும் /ஜே போதும். /டி தரும் சிம்பாலிக் லிங்க்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். நெட்வொர்க் ஃபோல்டரைக் காட்ட வேண்டுமானால் அதை விட்டால் வழியில்லை, ஜங்ஷன் அங்கே செல்லாது.

அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தும் புரோகிராமை மூடிவிட்டு, ஃபோல்டரை டி-க்கு நகர்த்துங்கள். பழைய இடத்தில் அதே பெயரில் எதுவும் மிஞ்சக்கூடாது. பிறகு எம்கேலிங்க் /ஜே சி:\பழையது டி:\புதியது. லிங்க்கின் பெயர் முன்னால், நிஜ இடம் பின்னால். லினக்ஸில் லிங்க் வைக்கும் எல்என் -எஸ் இதற்கு நேர்த் தலைகீழ் என்பதால், இரண்டிலும் புழங்குகிறவர்களுக்குக் கை தடுமாறும். ஜங்ஷன் முழு முகவரியை எழுதிவைத்துக்கொள்வதால், டி நாளை எஃப் ஆனால் அது செத்த லிங்க்தான்.

நீக்க, ஆர்எம்டிர் சி:\பழையது மட்டும். லிங்க் போகும், டி-யில் உள்ளது அப்படியே இருக்கும். டெல் கட்டளையை அதன் மேல் ஓட்டாதீர்கள். அது லிங்க்கைத் தாண்டிப் போய் டி-யில் உள்ள நிஜ ஃபைல்களைத்தான் அழிக்கும்.

கேள்வி: லினக்ஸில் நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் -ஏ மூலம் பென்டிரைவுக்கு நகலெடுத்தால், சிம்லிங்க் (சிம்பாலிக் லிங்க்) வரும் இடங்களில் எல்லாம் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வருகிறது. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டும் அதேதான்.
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: அனுமதிப் பிரச்சினையே அல்ல. பென்டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கும், அவற்றில் சிம்லிங்க் எழுத இடமே கிடையாது. லிங்க் லிங்க்காகவே திரும்பக் கிடைக்க வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி அதை நகலெடுங்கள். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது, அதற்குக் குறைவான துண்டுகளாகப் பிரியுங்கள். உள்ளடக்கம் மட்டும் போதும் என்றால் -ஏ உடன் பெரிய எல் எழுத்தைச் சேருங்கள். ஒரே ஃபைலை நான்கு லிங்க் காட்டினால், பென்டிரைவில் அது நான்கு முறை கூடுதலாக இடம் பிடிக்கும்.