பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11, ‘வித்தது வித்ததுதான்’

கேள்வி: கோத்தகிரியில் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன், வேலைக்கு ஆள் இல்லை. 12 நாட்களுக்கு முன் கோவையில் ஒரு கடையில் 14,000 ரூபாய்க்குப் பழைய டெஸ்க்டாப் வாங்கினேன். ‘விண்டோஸ் 11 அப்டேட்டோடு ஓடணும்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ‘தாராளமா ஓடும்’ என்றார் கடைக்காரர். இப்போது புதிய பதிப்புக்குப் போனால் ‘இந்தக் கணினிக்குத் தகுதியில்லை’ என்று வருகிறது. ‘பழைய சரக்குக்கு வாரண்டி இல்லை, வித்தது வித்ததுதான்’ என்கிறார். பில்லில் ‘யூஸ்டு ஐ5, 8 ஜிபி’ என்று மட்டும் இருக்கிறது.

பதில்: பழைய பொருளுக்கு வாரண்டி இல்லை என்பது தேய்மானத்துக்கும் பிற்பாடு வரும் பழுதுக்கும் பொருந்தலாம். வாங்கும்போதே கேட்ட கேள்விக்குச் சொன்ன தவறான பதிலுக்குப் பொருந்தாது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16 உங்கள் பக்கம்: என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாடல் பெயரை நீங்களே சொல்லிக் கேட்டிருந்தால் கடைக்காரர் தப்பிக்க வழியுண்டு. ஆகவே அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் வழக்கின் உயிர். அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

அடுத்து, ஆதாரம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்றிருந்தால் அது நான்காம் தலைமுறை. இன்டெல் என்றால் விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்கள் கணினியில் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐத் திணித்துப் போட்டிருப்பார்கள். திரையும் கேபினட் சீரியல் எண்ணும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். ‘மலைக் குளிரில், ஈரத்தில் கெட்டுவிட்டது’ என்று வாதம் வரும். ஈரம் மதர்போர்டை அரிக்கும். பிராசஸரின் தலைமுறையை மாற்றாது. பெட்டியைத் திறந்து பார்ட்ஸ் மாற்றினால் மட்டும் இந்தப் பதில் பலவீனமாகிவிடும்.

‘சிபியு (பிராசஸர்) மட்டும் மாத்தித் தர்றேன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் தலைமுறைக்கு, பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டே வேறு. போர்டும், டிடிஆர்3 ரேமும் சேர்ந்து மாற வேண்டும். விண்டோஸ் 10-க்குத் திரும்புவதும் தீர்வல்ல, அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

இன்றே ‘பொருளை ஏற்கவில்லை, எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலும், 15 நாள் கெடுவோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். மறுப்புச் சொல்லாமல் வைத்துப் பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பில்லில் கெடு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.

மசியவில்லை என்றால், கோவைக்கு இறங்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. வாட்ஸ்அப் பிரதியோடு மின்னணு ஆவணச் சான்றிதழையும் இணையுங்கள்.

கடைக்கு வாங்கியதால் ‘வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்: ‘இக்கணினியை நானே இயக்கி, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கினேன்.’