உயர் பாதுகாப்புப் பூட்டை, உள்ளே நடப்பது தெரியும்படி வெட்டிக் காட்சிக்கு வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய மெடிகோ கம்பெனி சிலிண்டர் (பூட்டில் சாவி நுழைந்து திரும்பும் பாகம்) ஒன்று சாவியோடு கைவசம் இருக்கிறதாம். அதை எங்கே வெட்டுவது, வீட்டிலேயே முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் புதுச்சேரியில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். இதே வகைச் சிலிண்டர் ஒன்றை வெட்டி என் கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வெட்டிய பிறகும் சாவி போட்டால் பூட்டு திரும்ப வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு துண்டாக அறுத்து வைத்த பூட்டைப் பார்ப்பவர்களுக்குப் பித்தளையும் ஸ்பிரிங்கும் தெரியும், வேலை தெரியாது. ஆகவே, எது அசைகிறது, அது எதன் மேல் தாங்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சாதாரண பின் பூட்டு (பின் என்றால் உள்ளே ஸ்பிரிங் அழுத்தி நிற்கும் சின்ன உலோகக் குச்சி) அமெரிக்கர் லைனஸ் யேல் 1861லும் 1865லும் காப்புரிமை பெற்ற அமைப்புதான். சாவியின் வெட்டுகள் பின்களைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால், மேல் பின்னும் கீழ் பின்னும் பிரியும் கோடு, வெளிக்கூட்டுக்குள் சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளையின் விளிம்போடு ஒன்றாகும், உருளை திரும்பும். மெடிகோ 1968இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தொடங்கிய கம்பெனி. அவர்கள் இதற்கு மேல் இன்னொரு நிபந்தனை வைத்தார்கள். கீழ் பின்னின் முனை உளி மாதிரி இருக்கும். சாவியில் வெட்டுகளைச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். சாவி உள்ளே போகும்போது பின் உயர்வதோடு இடமோ வலமோ கொஞ்சம் சுழலவும் செய்யும். பின்னின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் உண்டு. எல்லாப் பின்களின் பள்ளமும் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான், உருளையின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்து நிற்கும் சைடு பார் என்ற தடுப்புக் கம்பி தன் கால்களை அந்தப் பள்ளங்களுக்குள் நுழைத்து உள்ளே ஒதுங்கும். ஒரு பின் சுழலாமல் நின்றாலும் சைடு பார் வெளிக்கூட்டின் பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டு உருளையைத் தடுத்துவிடும்.

இந்தப் பூட்டில் காட்ட வேண்டிய விஷயம் அந்தச் சைடு பார்தான். மேலே ஸ்பிரிங்குகள் இருக்கும் பகுதியை மட்டும் திறந்து வைத்தால், எந்த மலிவுப் பூட்டிலும் தெரிவதுதான் இதிலும் தெரியும்.

வெட்டுவதற்கு முன்பு முழுக்கப் பிரித்துவிடுங்கள். பின்னால் இருக்கும் கேமை (உருளையோடு திரும்பித் தாழ்ப்பாளை நகர்த்தும் துண்டை) கழற்றி, சாவியைச் சற்றுத் திருப்பி, உருளையின் அதே விட்டமுள்ள ஒரு உருட்டுக் கம்பியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு உருளையை வெளியே எடுக்க வேண்டும். வெளியே வரும்போது சைடு பார் மேல் கட்டை விரல் இருக்கட்டும். அதன் ஸ்பிரிங்குகள் மிகச் சிறியவை, தெறித்தால் கிடைக்காது. பின்களை வந்த வரிசையிலேயே ஒரு மரக்கட்டையில் துளை போட்டு அடுக்குங்கள்.

மூன்று ஜன்னல்கள் போதும். முதலாவது, ஸ்பிரிங் துளைகளின் பக்கச்சுவரில் மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன நீளக் கீறல்கள். இந்த வகைப் பின்னின் விட்டம் சுமார் 3.4 மி.மீ.; கீறலின் அகலம் 2 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். அப்போதுதான் பின் தெரியும், ஆனால் வெளியே விழாது. இரண்டாவது வெளிக்கூட்டில், சைடு பார் இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி. இங்கேதான் கவனம் வேண்டும். சைடு பாரை உள்ளே தள்ளுவது கூட்டில் இருக்கும் பள்ளத்தின் சரிவு. அதை முழுக்க எடுத்துவிட்டால் எந்தச் சாவி போட்டாலும், ஏன், சாவி இல்லாமலும் சைடு பாரின் தடை இருக்காது. ஆகவே சைடு பாரின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. அளவுக்குப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் திறக்க வேண்டும். மூன்றாவது உருளையிலேயே, சைடு பாருக்குச் சற்று மேலே, பின் துளைகளின் சுவரை ஒட்டி இன்னொரு 2 மி.மீ. கீறல். இது வழியாகத்தான் பின் சுழல்வதும் சைடு பாரின் கால் பள்ளத்துக்குள் போவதும் கண்ணுக்குத் தெரியும்.

கூடவே ஒரு தடுப்பு ஆணியும் வையுங்கள். உருளையை ஜன்னல் பக்கமாகத் திருப்பினால் பின் துளைகளின் வாய் நேராக ஜன்னலுக்கு வந்துவிடும். கீழ் பின்கள் சரசரவென்று கொட்டிவிடும். எதிர்ப்பக்கமாக 45 டிகிரி மட்டும் திரும்பும்படி பின்னால் ஆணி அடித்துவிட்டால் கவலையில்லை. அந்தத் திருப்பமே காட்டுவதற்குத் தாராளம்.

வீட்டில் முடியுமா என்றால், முதல் ஜன்னலைக் கை டிரில்லும் ஊசி அரமும் வைத்துச் செய்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் விளிம்பு நேராக இருக்க வேண்டும், மில்லிங் மிஷின் இல்லாமல் நன்றாக வராது. நான் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். மிஷின்காரர் சிலிண்டரைக் கையில் வாங்கியதும் முதலில் வேறு எண்ட் மில்லை, அதாவது மிஷினில் சுழன்று வெட்டும் டூலை, எடுத்து மாட்டினார். "தம்பி, இரும்பு வெட்டுன டூலைப் பித்தளைக்குப் போட்டா வெட்டாது, தேய்க்கும். பித்தளைக்குன்னு தனியா வச்சிருக்கேன்" என்றார். வைஸ் தாடைக்கும் சிலிண்டருக்கும் நடுவே அலுமினியத் தகடு வைத்து இறுக்கினார். ஒரு தடவைக்கு கால் மி.மீ. ஆழம், எண்ணெய் இல்லாமல். பித்தளைத் தூள் பொன்னாகக் கொட்டக் கொட்ட ஊதிக்கொண்டே இருந்தார். சைடு பாரின் பள்ளம் நெருங்கும்போது மிஷினை நிறுத்திவிட்டு, லென்ஸ் வைத்து நான் கீறிக் கொடுத்திருந்த கோட்டைப் பார்த்தார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: முகப்புப் பக்கம் டிரில் போட முடியாதபடி கடினப்படுத்திய எஃகுத் துண்டுகளைப் புதைத்திருப்பார்கள். சாதாரண டூல் அதில் பட்டால் முறிந்துவிடும். முகப்பிலிருந்து சில மி.மீ. தள்ளி ஜன்னலைத் தொடங்கினால் சரி.

வெட்டியபின் துளைகளுக்குள் நிற்கும் பிசிறை முழுக்க எடுக்காவிட்டால் பின் சிக்கும். ஊசி அரம், பிறகு மூங்கில் குச்சியில் சுற்றிய 800, 1200 நம்பர் எமரித் தாள். நம் ஊர்க் கடல் காற்றில் பளபளத்த பித்தளை சீக்கிரமே கறுத்துவிடும். வெளிப்பரப்புக்கு மட்டும் லாக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) அடியுங்கள், துளைக்குள் போகக் கூடாது. எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். கிராஃபைட் தூள் போதும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "எல்லாம் சாவி போட்டுத் தொறக்கறதுதானேப்பா, இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ வெலை?" என்றார். நான் இரண்டு சாவிகளைக் கையில் கொடுத்தேன். ஒன்று சரியான சாவி. இன்னொன்று அதே வெற்றுச் சாவியில் அதே ஆழத்துக்கு, ஆனால் சாய்வில்லாமல் நேராக வெட்டியது. இரண்டாவதைப் போட்டால் பின்கள் எல்லாம் சரியான உயரத்துக்கு வரும், ஆனால் சுழலாது. உருளை துளி அசைந்து நின்றுவிடும். அவர் குனிந்து பார்த்து, மாற்றி மாற்றிப் போட்டு, "ஓ, இந்தக் கம்பி உள்ள போவலை" என்று அவராகவே சொன்னார். நீங்களும் அப்படியொரு இரண்டாவது சாவி செய்து வையுங்கள். மாதிரிக்கு அதுதான் உயிர்.

திருடனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகாதா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனியின் கடை ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று எழுதி வைத்திருந்த பூட்டை 1851இல் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ், 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். நாம் சொல்லிக் கொடுப்பதைவிடத் திருடர்களுக்கு ஏற்கெனவே அதிகம் தெரியும் என்பது அவர் தரப்பு. நானும் அதே கட்சிதான். பூட்டின் தத்துவத்தைக் காட்டலாம். ஒரு குறிப்பிட்ட கதவின் சாவியைக் காட்டக் கூடாது. வெட்டிய சிலிண்டரை ஒரு போட்டோ எடுத்தாலே பின் உயரங்களைப் படித்துவிடலாம். ஆகவே உங்கள் மாமா வீட்டுக் கதவில் இப்போதும் அதே சாவி வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். அலுவலகம், ஹோட்டல் போன்ற இடங்களிலிருந்து வந்த சிலிண்டராக இருந்தால் வெட்டவே வேண்டாம். எல்லாப் பூட்டையும் திறக்கும் மாஸ்டர் சாவி உள்ள கட்டடத்தில் ஒரு சாதாரணச் சாவியும் அதன் பூட்டும் இருந்தாலே மாஸ்டர் சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2003இல் மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். சந்தேகமாக இருந்தால் பின்களை இடம் மாற்றிப் போட்டு, அதற்கேற்ற புதுச் சாவி செய்துகொள்ளுங்கள்.

மெடிகோவில் கை வைக்கும் முன் ஒரு சாதாரண பின் சிலிண்டரில் பழகுங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பூட்டுகளைக் கிளறினால் சாவியோடே கிடைக்கும். சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள்) வீடுகளில் கழற்றிய பிரெஞ்சு சிலிண்டர்கள்கூட அங்கே என் கண்ணில் பட்டிருக்கின்றன. வாங்கும்போது சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.