நாலு குடும்பம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: அக்கா, நாங்கள் குவீன்ஸ்லாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். தமிழ்க் குடும்பம் நாலுதான். என் கணவரோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் பத்து வருடத்துக்கு மேலாக பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவிலேயே இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். இப்போது அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் சத்தம் போட்டால் அவர்களுக்கே கெடுதலாகிவிடுமோ?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள். பெயர், படம், சொந்த நாட்டில் அவர்களுக்கு என்ன நடந்தது என்ற கதை, எதுவும் வட்ஸ்அப் குழுவில்கூடப் போகக் கூடாது. நாளை திருப்பி அனுப்பப்பட்டால் அதற்கெல்லாம் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். கடிதத்தை இன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடமோ பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ காட்டச் சொல்லுங்கள். மேன்முறையீட்டுத் தவணை நாட்கணக்கில்தான் இருக்கும், தவறினால் பிடிக்க முடியாது.

நாலு பேர்தான் என்று குறைவாக நினைக்க வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே உள்ள பிலோயிலா என்ற சின்ன ஊரைப் பாருங்கள். 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலையில் அகதித் தஞ்சம் கேட்டிருந்த நடேஸ், பிரியா என்ற தமிழ்த் தம்பதியின் குடும்பத்தை எல்லைப் படையினர் வந்து தடுப்புக்குக் கொண்டுபோனார்கள். இளைய பிள்ளைக்கு அப்போது ஒரு வயதும் ஆகவில்லை. நடேஸ் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர்களுக்காக முன்னுக்கு நின்றவர்கள் ஊரின் வெள்ளைக்காரச் சிநேகிதிகள். அஞ்செலா ஃபிரெடெரிக்ஸ் என்ற சமூக சேவகி அதில் ஒருவர். மாடும் நிலக்கரியுமாகப் பிழைக்கிற, பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கிற ஊர் அது. அகதிக் கொள்கை சரியா பிழையா என்று அங்கே வாதாடியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். எங்கள் அயலவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அதனால்தான் பார்னபி ஜோய்ஸ் போன்ற, பழமைவாத நாஷனல்ஸ் கட்சி அரசியல்வாதிகூட அவர்கள் பக்கம் பேசினார்.

சுகமாக முடியவில்லை. 2019 ஓகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவின் தடுப்பு முகாம். 2021 ஜூனில் இளைய பிள்ளை கடும் நோயில் விழுந்த பிறகுதான் பேர்த் வந்தார்கள். ஆட்சி மாறி 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள், ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்த நாலு வருடத்திலும் அவர்களுக்காக மனுவில் கையெழுத்து வாங்கிய ஊரவர்கள் ஓயவில்லை.

ஆனால் அது ஒரு குடும்பத்துக்கு அமைச்சர் காட்டிய தயவு, சட்டம் அப்படியேதான் இருந்தது. அடுத்த வருடமே அகதிப் பெண்கள், பலர் எங்கள் தமிழ்ப் பெண்கள், மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்து நிரந்தர விசா கேட்டார்கள். அதைச் சொல்லாமல் பிலோயிலாவை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வராது.

குடும்பம் சம்மதித்தால் கடிதங்களில் தொடங்குங்கள். ஆதரவுக் கடிதங்கள் நிறைய வாசித்திருக்கிறேன். ‘மிக நல்ல மனிதர், கடின உழைப்பாளி’ என்று ஒரே வசனத்தை இருபது பேர் எழுதியிருப்பார்கள், ஒரு பிரயோசனமும் இல்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர், எந்த வருடத்திலிருந்து எந்தப் பிரிவில் வேலை, அவர் போனால் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்குமா என்று எழுதட்டும். வகுப்பு ஆசிரியர், பிள்ளை எந்த வகுப்பில் சேர்ந்தது, ஆங்கிலம் தவிர வேறு மொழியில் எழுதப் படிக்கத் தெரியுமா என்று எழுதட்டும். பக்கத்து வீட்டு அம்மா தன் கையெழுத்திலேயே எழுதினாலும் நல்லது, பிழைகளைத் திருத்தப் போகாதீர்கள். திகதி, முழுப் பெயர், தொலைபேசி எண் இருக்க வேண்டும். சட்டத்தரணி பார்த்த பிறகே எதுவும் அனுப்பலாம்.

அதன் பிறகு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். எந்தக் கட்சியானாலும் பரவாயில்லை. அந்த ஆசிரியரையும் மேற்பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு போய், முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.